சரிங்க

ஐந்து ரோட்டில், பல் ஆஸ்பத்திரிக்கு மேலே
மூன்றாவது மாடி.
குரல்களுக்குப் பெயர் வைப்பது எங்கள் வேலை.
கோபம், துக்கம், மகிழ்ச்சி, பயம்,
எதுவும் இல்லை.
ஐந்தே பொத்தான்கள்.
துணுக்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய் இருபது காசு.
இயந்திரம் முதலில் தன் ஊகத்தைச் சொல்லும்.
ஆமாம் என்போம், அல்லது திருத்துவோம்.

இப்படித்தான் அது அழக் கற்றுக்கொள்கிறது
என்பான் கோகுல்நாத்.
அழுதா கண்டுபிடிக்க, என்பாள் பர்வீன்.
இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று
டீ வரும்வரை பேச்சு ஓடும்.

செவ்வாய் இரவு, இருநூற்றுப் பதினான்காவது துணுக்கு.
ஒரு பெண், செல்போன் எண்ணை நிறுத்தச் சொல்கிறாள்.
எதிர்முனையை வெட்டி எடுத்திருந்தார்கள்,
பதில்கள் மட்டும்:

தம்பி பேர்லங்க.
இல்லைங்க, அவனால பேச முடியாதுங்க.
சான்றிதழ் நம்பருங்களா, இருங்க.

ஒரு பூஜ்யத்தைக்கூட விடாமல் வாசிக்கிறாள்.
சரிங்க. சரிங்க.
மூன்று விநாடி ஒன்றுமில்லை.
பிறகு இன்னொரு சரிங்க.

என் குரல்.
போன ஆடியில்
அவன் ஷிப்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸ்
கழுவாமல் கிடக்க,
அதைப் பார்த்தபடி நின்று பேசியது.

இயந்திரத்தின் ஊகம்: எதுவும் இல்லை.
தொண்ணூற்றொரு சதவீதம்.

அதன்மேல் கோபம் வரவில்லை.
அன்றைக்கு அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவும்
இதையேதான் சொன்னது, சதவீதம் போடாமல்:
பாரேன், ஒரு சொட்டு விடலை.

சாவைச் சொல்லும்போதும்
'ங்க' போடாமல் விடமாட்டோம் எங்கள் ஊரில்.
அந்த 'ங்க'வைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன் என்று
அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?
நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.
அதற்குத்தானே சம்பளம்.

துக்கம், என்று அழுத்தினேன்.

காலையில் திரும்பி வந்தது.
மற்ற இருவரும் எதுவும் இல்லை என்றிருக்கிறார்கள்.
பெரும்பான்மை.
என் துல்லியத்தில் அரைப் புள்ளி போயிற்று.
இருவரில் ஒருத்தி பர்வீன்,
என் டம்ளரில் பாதி டீயைத் தினமும் வாங்கிக் குடிப்பவள்.
நான் சொல்லவில்லை.

வெட்டி எடுக்கப்பட்ட அந்தப் பெண்
'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்' என்று வாசித்தாள் அன்று.
வாசிக்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது.
தெரிந்தும் அதன்மேல் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்.
அந்த மூன்று விநாடி அதுதான்.
இயந்திரம் அதற்கு எதிரே குறித்திருந்தது:
ஒலி இல்லை, நீக்கவும்.

ஜன்னலில் ஏற்காட்டு மலை.
இரவில் மலை தெரியாது,
ஏறுகிற வண்டிகளின் வெளிச்சம் மட்டும்.
கொண்டை ஊசி வளைவில் அணையும்,
கொஞ்சம் மேலே தள்ளி முளைக்கும்.
உள்ளே ஓட்டுகிறவர் இருக்கிறாரா என்று
ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.
பார்த்ததும் இல்லை.

அதுக்குள்ள யாராச்சும் இருப்பாங்களா அக்கா,
என்று திரையைக் காட்டிக் கேட்கிறாள் பர்வீன்.
எனக்குள்ளே இருந்ததே உனக்குக் கேட்கவில்லையேடி
என்று வாய்வரை வந்ததை
டீயோடு விழுங்குகிறேன்.

அடுத்த துணுக்கு.
யாரோ சிரிக்கிறார்.
மகிழ்ச்சி, எண்பத்தெட்டு.
பொத்தான்மேல் விரலை வைத்தபடி
இன்னொரு முறை கேட்கிறேன்.