வியாழன், பத்து முதல் மூன்று வரை

முதல் வாரம் ஒரு படிவம் தந்தார்கள்.
இட்வாலுக்கு என்ன பிடிக்கும்,
எதற்குப் பயப்படுவான்,
மாத்திரை, ஒவ்வாமை, காலணி அளவு.
யோசிக்காமலே எழுதிக்கொண்டு போனேன்.
கடைசிப் பக்கத்தில் எனக்கென்று ஒரே ஒரு கேள்வி:
பராமரிப்பவரே, உங்களுக்கு என்ன பிடிக்கும்?
பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.
‘தேநீர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.
அதுவும் முழு உண்மை இல்லை.

தேவாலயத்தின் பின்கூடம் அது.
மழை நின்ற பிறகும் அதன் கற்பலகைக் கூரை
கொஞ்ச நேரம் தனக்குத்தானே பெய்துகொண்டிருக்கும்.
வேல்ஸில் எங்கள் ஊருக்கு இரண்டு மலைகள்:
ஒன்று இருந்தது,
மற்றது அதைக் குடைந்து கொட்டிய கழிவு.

தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது.
அம்மா போன பின் பதினேழு வருடம்
அவன் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டேன்.
வாசலில் நெரிஸ் அவன் கையைப் பிடித்தாள்.
அழுவான் என்று நின்றேன்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, படுபாவி.

ஐந்து மணி நேரம்.
யாரோ கையில் திணித்த வேற்று நாட்டு நோட்டு.
எங்கே மாற்றுவது?
காருக்குள் உட்கார்ந்தேன்.
மொபைலை மடியில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.
வலிப்பு வரும், கூப்பிடுவார்கள்.
என்னைத் தேடுவான், கூப்பிடுவார்கள்.
யாரும் கூப்பிடவில்லை.
அதற்கு ஏன் எனக்குக் கோபம் வந்தது?

பக்கத்துக் காரில் க்விலிம்.
மனைவிக்கு ஐம்பத்தெட்டிலேயே மறதி நோய்.
சீட்டைச் சாய்த்து, வாய் பிளந்து
பிணம்போல் தூங்குவார்.
விழித்தால் கண்ணாடி வழியே தலையசைப்போம்,
ஒரே குற்றத்துக்கு உள்ளே வந்த
இரண்டு கைதிகள் மாதிரி.

நான்கு வியாழன் இப்படி.
ஐந்தாவது அன்று உறைபனி.
கண்ணாடியெல்லாம் வெள்ளை,
முட்டைக்குள் இருப்பதுபோல் இருந்தது.
கண் அயர்ந்த நேரம்
கர்... கர்... என்று சத்தம்.
பஸ் பாஸ் அட்டையால் யாரோ சுரண்டுகிறார்கள்.
உள்ளங்கையளவு ஓட்டை விழுந்தது.
அதில் ஒரு கண்.

“ஏன் இங்க இருக்கே?”
“உனக்காகத்தான்டா.”
“நான் உள்ள இருக்கேன்,” என்றான்,
மந்தமான பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாக.
கதவைத் திறந்தேன். கையில் கோப்பை.
பாதி வழியிலேயே கொட்டியிருந்தது,
மீதியில் ஆறு கரண்டியாவது சர்க்கரை.
“உனக்கு டீ பிடிக்கும்னு எழுதினியாமே.”

குடித்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை.
“மிஸஸ் ப்ரிதெர்க் தேடுவாங்க,
நாற்காலி பிரேக் எனக்குத்தான் தெரியும்.”

அந்த ஓட்டை வழியே பார்த்தேன்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
சக்கர நாற்காலியின் முன் குனிகிறான்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
அவர் கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் போடுகிறான்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது தப்பான துளையில்.
யாரும் திருத்தவில்லை.

பதினேழு வருடம்.
ஒரு நாளைக்கு ஏழு பொத்தான்.
கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அடுத்த வியாழன் சாவியைத் திருப்பினேன்.
கடலுக்கு நாற்பது நிமிடம்.
கடைக்காரப் பெண் கேட்கும் முன்பே
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: இரண்டு சிப்ஸ்.
காற்று காதைப் பிய்த்தது.
நாரைபோல் ஒற்றைக் காலில் நின்று
காலணியிலிருந்து மணலைக் கொட்டினேன்.
கடற்புறாக்கள் வட்டமிட்டன,
ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.
இரண்டு பொட்டலத்தையும் நானே தின்றேன்.

மூன்று பத்துக்கு வந்து சேர்ந்தேன்.
கோட்டு மாட்டி வாசலில் நின்றிருந்தான்.
“லேட்,” என்றான்.
காரில் ஏறியதும் மூக்கை உறிஞ்சினான்.
“வினிகர் வாசம்.”
“இல்லையே,” என்றேன்.

அவன் பிறந்ததிலிருந்து
அவனிடம் நான் மறைத்த முதல் விஷயம்.
வீடு வரைக்கும்
உதட்டோரத்து உப்பை நக்கிக்கொண்டே ஓட்டினேன்.