வாஸ்

தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப், ஜெராக்ஸ் கடை.
மனுவில் ஒரு வரிதான் பாக்கி.
கஸ்பாரின் படகு எல்லையை
'கிராஸ்டு' என்றால்
கடந்தது, முடிந்தது, வழக்கும் முடிந்தது.
'வாஸ் கிராஸிங்' என்றாலோ
நடுக்கடலில் கையும் வலையுமாய்.

"மிசின் நின்னுபோச்சு" என்றாள் பிலோமி.
நிற்க ஒரு நொடி போதும்:
'ஸ்டாப்டு' என்று தட்டினேன்.
"கச்சான் தள்ளிக்கிட்டே கெடந்துச்சு,
விடிய விடிய."
நிறுத்த ஆளில்லாத காற்றுக்கு
ஐ.என்.ஜி.தான் சரி.
'வாஸ் டிரிஃப்டிங்.'
கடந்தவன் என்று எவனும் இல்லாத வாக்கியம்.
எனக்கே கொஞ்சம் பெருமை.

வாசித்துக் காட்டினேன்.
நாலாவது 'ஹி வாஸ்' வந்ததும்
"வாஸ்னா?"
"இருந்தார்."
கையிலிருந்த ஆதார் நகலை
மடித்தாள், மறுபடி மடித்தாள்.
"இருந்தாருன்னு ஏன் போடுறீக?
இருக்காருல்ல."

தமிழிலும் அப்படித்தானே,
கொண்டிருந்தாருக்குள்ளேயும்
ஓர் இருந்தார் உட்கார்ந்திருக்கிறாரே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மீன் வண்டி ஹாரன் அடித்தது.
நல்லவேளை.

அடியில் ஒன்று சேர்த்தேன்:
ஹி இஸ் இன் ஜாஃப்னா பிரிசன்.
அந்த ஒற்றை 'இஸ்'ஸுக்கு இடமில்லாமல்
வரி அடுத்த தாளுக்குப் போய்விட்டது.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
ஒரு பக்கம் என்றே வாங்கிக்கொண்டேன்.