பிரமாச்சி பெயருக்கு

கார்த்திகை மழையில் பீடி காயாது.
சுளகோடு அடுப்பு மேட்டில் ஏற்றி
பதினைந்து கட்டாவது தேறுமா என்று
நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எதிர்வீட்டு வாசலில் தபால்கார நம்பி
குடையைச் சுருக்காமல் நின்றார்.
கையில் கடிதம் இல்லை.
கடிதம் இல்லாமல் அவர் எந்த வாசலிலும் நின்றதில்லை.

"வடக்குத் தெருவுல தந்தி குடுத்துட்டு வாரேன்.
இங்கிலீசுல ஒண்ணரை வரி.
ஒனக்கு யாரு வந்து சொல்லப்போறா பிரமாச்சி,
அதான் நானே வந்தேன்."

அவளுக்கு என்றால்
எனக்கு.

சிவனணைந்தான் எழுதியதெல்லாம்
பிரமாச்சி பெயருக்குத்தான் வரும்.
புருசன் தீர்த்துவிட்டு ஏழு வருசமானவள்.
"இன்னும் கெட்டுப்போக எனக்கு என்ன பேரு கெடக்கு?
எம் பேருக்கே போடச்சொல்லு" என்றாள்.
இலைக்கட்டுக்குள் செருகி எடுத்துவந்து தருவாள்.
பதில் எழுதிக் கீழே நானும்
பிரமாச்சி என்றே போடுவேன்.
முக்கூடல் தபால்பெட்டிக்குக் கண் உண்டு என்று பயம்.

முத்துமாலையம்மன் கொடைக்கு லீவில் வந்தவன்
ராட்டினத்தில் எனக்குப் பின்பெட்டியில் இருந்தான்.
அன்றைக்குப் பிரமாச்சி அவனைப் பார்த்திருக்கிறாள்.
அதுவும் முதுகைத்தான்.

மழைக்கு அந்தப்பக்கமிருந்து
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு கொண்டையை அவிழ்த்தாள்.
அப்படியொரு சத்தம்
அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.
தெரு கூடிவிட்டது.

"ஏளா, மரம் மாதிரி நிக்கியே,
போயி அவளைப் பிடி"
என் அம்மைதான் தள்ளிவிட்டாள்.

பிடித்தேன்.
கத்தலுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடத்தில்
காதுக்குள் சொன்னாள்:
"அழு. இப்ப அழுதாத்தான் உண்டு."

அழுதேன்.
பாவம், அந்தப் பிள்ளைக்கு இளகின மனசு என்றார்கள்.
தீர்த்துவிட்டவளுக்குப் பட்டாளத்தான் கேக்குதோ
என்றும் அதே வாய்கள்தான்.
மறுவாரம் கம்பெனியில் கணக்குப்பிள்ளை
அவள் கட்டுகளில் மட்டும்
கூடக் கழித்துப்போட்டார்.

ரெண்டாம் நாள் டாக்கா விழுந்ததாக ரேடியோ சொன்னது.
கடைத்தெருவில் எல்லாருக்கும் மிட்டாய்.
எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.
துப்ப இடமில்லாமல் வீடு வரைக்கும்
கன்னத்தில் அடக்கிக்கொண்டு நடந்தேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை
அவன் அம்மை வந்தாள்.
இரும்புப்பெட்டி வந்து சேர்ந்ததாம்.
பூட்ஸ் கயிற்றால் கட்டிய பொட்டலம் ஒன்றைப்
பிரமாச்சி முன்னால் வைத்தாள்.
"நீ எழுதினதுதான் தாயி.
எனக்கு எழுத்து தெரியாது.
எம்புள்ளைக்கு என்னத்த எழுதுன?
ஒண்ணே ஒண்ணு வாசி, கேட்டுட்டுப் போயிருதேன்."

பிரமாச்சி கயிற்றை அவிழ்த்தாள்.
அன்று பட்டுவாடா நாள்.
இடது பெருவிரலில் ஊதா மை காயவில்லை.
அந்த அம்மை அதைப் பார்த்தாள்.
சர்க்கார் பணம் வாங்கிவந்த
தன் பெருவிரலையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.
பிறகு, சுளகுக்கு அடியில் நான் மறைத்த கையை.

ஒன்றும் கேட்கவில்லை.
பொட்டலத்தைத் தரையோடு தரையாக
என் பக்கம் நகர்த்தினாள்.

"இங்கே மழை இல்லை. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான்.
ஆயிரத்துக்குப் பத்து பைசா கூட்டியிருக்கிறார்கள்.
அங்கே குளிருக்குப் பீடி குடிக்கிறாயா?
எங்கள் கம்பெனி பீடி கிடைத்தால்
தலைப்பு மடித்ததைப் பார், என் மடிப்பு தெரியும்..."

கடைசி வரிக்கு வந்து நின்றுவிட்டேன்.

"பேரையும் வாசி" என்றாள்.

பிரமாச்சி எழுந்து
பீடி காய்ந்ததா பார்க்கிறேன் என்று வெளியே போனாள்.
மாசி வெயில்.
அது எப்பவோ காய்ந்திருக்கும்.