பதினோரு விநாடி

விநாடிக்குப் பன்னிரண்டு படம்.
மூன்று நிமிடக் கதைக்கு எத்தனை என்று
கணக்குப் போட்டால் கை நடுங்கும்,
அதனால் போடுவதில்லை.

சியாத்துரா. மலை இடுக்கில் ஒரு மாங்கனீசு ஊர்.
ஆறுகூடக் கறுப்பாகத்தான் ஓடும்.
தலைக்கு மேலே கம்பிகள்,
கம்பிகளில் தொங்கும் தகரப் பெட்டிகள்.
அவற்றில் ஒன்றை
இருபத்தாறு வருஷம் ஓட்டியவள் லமாரா.

"என் கதையா? என்ன பெரிய கதை,
மேலே போனேன், கீழே வந்தேன்."
மாமுகா அவள் காலரில் மைக்கைக் குத்தினான்.
முகத்தைக் காட்டக் கூடாது,
அது ஒன்றுதான் அவள் நிபந்தனை.
கேமரா பைக்குள் போயிற்று.
நான் பென்சிலைச் சீவினேன்.

"தொண்ணூத்தி நாலு ஜனவரி.
எப்ப வரும் எப்ப போகும்னு
கரண்டுக்கே தெரியாத காலம்.
கடைசி நடை. ஒரே ஒரு ஆள்
ஒரு கதவோட ஏறினான்.
ஆமா, கதவு. வீட்டுக் கதவு. அடுப்பெரிக்க.
ஆத்துக்கு நேர் மேலே வந்ததும் பெட்டி நின்னுடுச்சு.
கண்ணாடி உடைஞ்ச பக்கமா கதவைச் சாத்தி வெச்சோம்,
காத்துக்கு மறைப்பா.
ஆறு மணி நேரம்.
அப்புறம்..."

அப்புறம்
பதினோரு விநாடி
ஒன்றுமில்லை.

"கரண்ட் வந்துச்சு. எறங்கிப் போயிட்டான்.
அவ்வளவுதான்."

வெட்டிவிடலாம் என்றான் மாமுகா,
பேசாததுக்கும் நீதானே வரையணும்.
நூற்று முப்பத்திரண்டு படம்.
மாட்டேன் என்றேன், வீம்புக்கு.

முதலில் பனி வரைந்தேன்.
யார் வேண்டுமானாலும் வரைகிற பனி.
பிறகு ஒன்றன்மேல் ஒன்று சாயும் இரண்டு நிழல்கள்.
அதை வரைந்த இரவே கிழித்தேன்,
அடுத்தவள் படுக்கையை எட்டிப் பார்த்தது போலிருந்தது.
பிறகு வெறும் கம்பி. அதுவும் பொய்.

போன் செய்தேன்.
அந்த இடத்துல என்ன நெனச்சீங்க?
"எந்த இடத்துல?"
ஒலிப்பதிவைப் போனிலேயே ஓடவிட்டேன்.
சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.
"அடுப்புல பீன்ஸ் இருந்துச்சு.
அடிப்பிடிக்குதான்னு மோந்து பாத்துட்டிருந்தேன்!"

எனவே
மலைக்கும் மலைக்கும் நடுவே
அந்தரத்தில் ஒரு குண்டான் வரைந்தேன்.
மூடி நடுங்கும். ஆவி எழும்பி
பெட்டியின் கண்ணாடியை மறைக்கும்.

சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் திரையிட்டோம்.
நாற்பது நாற்காலி, பத்தொன்பது பேர்,
ஆணியில் மாட்டிய படுக்கை விரிப்பு.
குண்டான் வந்ததும் கூடமே சிரித்தது.
லமாரா கடைசி வரிசையில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு போட்டதும் வந்தாள்.
"நல்லாருக்கு. கதவுலதான் கைப்பிடி இருக்கு."
இருக்கக் கூடாதா?
"அதுல ஏது? கழட்டி வெச்சிருந்தான்.
பித்தளை எரியாதே.
கோட்டுப் பையில கிடந்தது.
பையில கையை விட்டு அதையே திருகிட்டிருந்தான்,
ராத்திரி பூரா.
சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"பீன்ஸ் அடிப்பிடிச்சதே" என்று
தலைத்துணியை முடிந்துகொண்டு
படியிறங்கிப் போனாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு படத்தில்
கைப்பிடியை அழித்துக்கொண்டிருக்கிறேன்.
மாமுகா வந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் டீ வைத்துவிட்டுப் போனான்.
குண்டானைத் தொடவில்லை.
அந்தப் பதினோரு விநாடிக்கு அடியில்
கிரீச், கிரீச் என்று ஒரு சின்னச் சத்தம் சேர்க்கலாமா
என்று யோசித்தேன். சேர்க்கவில்லை.

கைப்பிடி இருந்த இடத்தில்
இரண்டு திருகாணித் துளை போட்டிருக்கிறேன்.
அது அவள் சொன்னதில்லை, நானாகப் போட்டது.
இரண்டா, நான்கா என்று
அவளைக் கேட்க வேண்டும்.