அல்லது வேறெங்கோ

ஒஷாவா நீதிமன்றம், மூன்றாம் மாடி.
நான் மொழிபெயர்ப்பாளர்.
சேர்க்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது.

"மார்ச் ஒன்றுக்கும் ஓகஸ்ட் முப்பத்தொன்றுக்கும் இடையில்
ஒஷாவாவில், அல்லது ஒன்ராறியோவில் வேறெங்கோ,
ஐயாயிரம் டொலருக்கு மேற்பட்ட பொருட்களைக்
களவாடினீர்."

குகனேசன் என் பக்கம் சரிகிறார்:
என்ன பொருள், தங்கச்சி? ஆணியா, டீவியா?
எந்த இரவு?
மடியில் ஒரு பாண் பை.
உள்ளே டீசல் ரசீதுகள், பாதிக்கு மை வெளிறிவிட்டது.
நூற்றெண்பத்துநாலு நாளைக்கும்
'நான் அங்கில்லை' என்று
எவரால் காட்ட முடியும்?

கேட்டதை உரக்கச் சொல்வதும் என் வேலை.
ஆணியா டீவியா என்றேன், ஆங்கிலத்தில்.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
நீதிபதி சிரிக்கவில்லை.
அரச தரப்பைப் பார்த்து, "விபரம் கொடுங்கள்" என்றார்,
"பதினான்கு நாள்."

பதினைந்தாம் நாள் வந்தது ஒற்றைத் தாள்:
ஜூலை ஒன்பது, இரவு.
களஞ்சியத்தின் எட்டாம் கதவு.
லொறி டயர் நாற்பது.

பயத்துக்கு இப்போது ஒரு கிழமை கிடைத்துவிட்டது.
அவர் பையைக் கவிழ்த்தார்.
ஜூலை எட்டு இருந்தது.
பத்து இருந்தது.

ஒன்பதைத் தேடும் விரல்களை
மொழிபெயர்க்க
எனக்கு உத்தரவில்லை.