ஜாமீன்தாரர்

வேலை உறுதி என்று மெயில் வந்தபோது
பாலக்கோட்டுக் கடையில்
கோழித் தீவன மூட்டைக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.
லைசென்ஸ் வாங்கி நாலு வருஷம் எட்டு மாதம்.
இருநூறு மணி நேரம் பறந்த கைக்கு
அதற்குள் ஐம்பது கிலோ சாக்கின் முடிச்சு
பார்க்காமலே அவிழ்க்க வந்திருந்தது.

கடிதம் பதினோரு பக்கம்.
முதல் பக்கத்தில் வாழ்த்து.
மிச்சப் பத்தில் நான் தரவேண்டியவை.
ஐந்து வருஷம் விட்டுப் போகக் கூடாது.
போனால் முப்பத்தைந்து லட்சம்.
ஜாமீனுக்குச் சொத்துள்ள ஓர் ஆள்.

எங்கள் சொத்து முன்பே மேலே போய்விட்டது.
பெல்ரம்பட்டி ரோட்டுக் கொல்லையை
மணி நேரத்துக்கு இத்தனை சென்ட் என்று
எரித்துத்தான் நான் பறந்தேன்.

மிஞ்சியவர் அக்கா வீட்டுக்காரர் தீர்த்தகிரி.
பன்னிரண்டு சக்கர லாரி,
கடன் தீர்ந்தது போன மாசியில்.
நோட்டரி சாப்பிடப் போயிருந்தார்.
ஆர்.சி. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு
"என்னதான் போட்டிருக்கு, படி" என்றார்.

"வாரத்துக்கு எவ்வளவு ஓட்டணும்?"
"இவ்வளவுக்கு மேல ஓட்டக் கூடாது மாமா.
நாற்பத்தெட்டு மணி நேரம் கட்டாய ஓய்வு."
கூடாது என்ற சொல்லை
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தூக்கம் வந்தா?"
"களைப்புன்னு எழுதிக் கொடுத்தா
அன்னிக்கு வண்டி எடுக்க வேண்டாம்."
"எழுதிக் கொடுத்தவங்க
இன்னும் வேலையில இருக்காங்களா?"
நேர்முகத் தேர்வில்
நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எறக்கத்துல நியூட்ரல் போடுவீங்களா?"
"ஏறக்குறைய அப்படித்தான்.
இன்ஜினை ஐடிலில் விட்டு நூறு மைல் இறங்குவோம்.
எரிபொருள் மிச்சம். கம்பெனியே சொல்லித்தரும்."
தொப்பூர்க் கணவாயில் அதே காரியத்துக்கு
அவர் ஃபைன் கட்டிய ரசீது
ஆர்.சி. புத்தகத்துக்குள்ளேயே இருந்தது.
அதை எடுத்து எனக்குக் காட்டினார்.
பிறகு ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டார்,
ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

இப்போது ஓசூர், பாகலூர் ரோட்டில் ஒற்றை அறை.
தோளில் இரண்டு தங்கக் கோடு.
புளித்த கூழ் தொடுவதில்லை,
இருமினால் மருந்தும் இல்லை,
விடியற்காலை ஊதச் சொல்லும் குழாய்க்குப் பயந்து.
கேப்டன் சாப்பிடுவதை நான் சாப்பிடக் கூடாது,
இரண்டு வயிறும் ஒன்றாகக் கெடக் கூடாதாம்.
அக்கா இதை நம்பவேயில்லை.
அவள் மகன் காதுகுத்துக்கு லீவு கேட்டேன்.
போன மாதம் ஏழாம் தேதிக்குள்
கேட்டிருக்க வேண்டும் என்றது ரோஸ்டர்.

இன்று ஸ்டாண்ட்பை.
இரவு ஒன்றிலிருந்து காலை ஒன்பது வரை.
கூப்பிட்டால் தொண்ணூறு நிமிடத்தில்
விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.
இருட்டுக்குள் என்றால் முடியும்.
ஏழு மணிக்குக் கூப்பிட்டால்
அத்திப்பள்ளியில்தான் நிற்பேன், ஊரோடு.
இஸ்திரி கலையாதிருக்க
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன்,
ஷூ லேஸ் கட்டியபடி.
பறந்த மணிக்குத்தான் படி.
உட்கார்ந்த மணிக்குக் கணக்கில்லை.

நாலு இருபதுக்குப் போன் அடித்தது.
பதறி எடுத்து
என் பெயரையும் ஊழியர் எண்ணையும் ஒப்பித்தேன்.
அந்தப் பக்கம் யாரோ
இரும்பால் டயரைத் தட்டிப் பார்க்கும் சத்தம்.
பர்கூர்ப் பக்கம், கிரானைட் குவாரி வாசல்.

"ரெண்டு நாளா வரிசையில நிக்கிறேன்.
உனக்கு லோடு ஏறிடுச்சா?"
"இல்ல மாமா. வெயிட்டிங்."
"அப்ப வெச்சிடறேன்.
லைன் காலியா இருக்கட்டும்" என்றார்.

உடனே வைத்துவிடவில்லை.