வடக்கு பார்த்த தகடுகள்

செம்பள்ளத்தைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள்.
ஹா-லெபொனா மேட்டில் குதிரையை நிறுத்தி
வெயில் சாயக் காத்திருந்து
என்ன நிறம், அடடா என்ன நிறம் என்கிறார்கள்.
அந்த நிறம் எங்கள் சோளக்கொல்லை.
மாபூலெங்கின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு
பத்து மழைக்காலத்தில் இறங்கிப் போய்
செங்கூ ஆற்றில் கரைந்து, லெசோத்தோவைத் தாண்டி,
யாரோ பெயர் தெரியாதவரின் வண்டல் ஆகிவிட்டது.

பள்ளத்தைக் கல் அடுக்கித் தடுப்போம் என்ற கூட்டத்தில்
குதிரைக்காரன் தெபெலோ எழுந்தான்:
"மூடிவிட்டால் யார் வருவார்கள்?
கல்வரிசை பார்க்க
எவனாவது விமானம் ஏறுவானா?"
சிரித்தோம்.
அவன் வீட்டில் ஐந்து வாய் என்பது நினைவுக்கு வர
சிரிப்பு பாதியில் நின்றது.
தீர்மானம் இல்லாமல் கலைந்தோம்.

சோலார் தகடுகள் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வந்தன.
வீட்டுக்கு ஐம்பது மலோட்டி.
பணம் இல்லையென்றால் ஓர் ஆடு.
ஆடும் இல்லையென்றால் நான்கு நாள் கடப்பாரை.
கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது;
ஓர் ஆட்டுக்கு எத்தனை நாள் என்கிற இடத்தில்
இன்றுவரை இடிக்கிறது.
நாற்பத்தெட்டுத் தகடுகள், நான்கு வரிசை,
எல்லாம் வடக்கே முகம் தூக்கி.
மாவு மில் டீசல் நாற்றம் இல்லாமல் ஓடியது.
மருந்தகத்தின் தடுப்பூசிப் பெட்டி
முதன்முறையாக உண்மையிலேயே குளிர்ந்தது.
இரவில் பாதி ஊர் விளக்கை அணைக்க மறந்தது,
அல்லது மறந்ததாகச் சொன்னது.

நவம்பரில் மழை.
பரவலாக விழ வேண்டிய தண்ணீரைத்
தகடுகள் ஏந்தி, சேர்த்து,
தாழ்ந்த விளிம்பு வழியே
ஒரே கோட்டில் கொட்டின.
ஒரு வாரத்தில்
நூல் பிடித்ததுபோல் நான்கு கீறல்கள்.
விரல் போகும் ஆழம்.
அடுத்த வாரம் மணிக்கட்டுவரை.

குதிரையின் கால் இடறி
முதலில் கண்டது தெபெலோதான்.
இறங்கி, குந்தி, கையை விட்டுப் பார்த்தான்.
"பள்ளம் குட்டி போட்டிருக்கிறது" என்றான்.
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பயணிகள் வராத செவ்வாய்க்கிழமைகளில்
அவன் குதிரைகள் கல் சுமந்தன.
விளிம்புக்கு நேர் கீழே சரளை பரப்பினோம்.
அதற்குக் கீழே புல்,
புல்லுக்குக் கீழே முள்கற்றாழை,
கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வரிசை.
இரண்டு கோணலாக நின்றன. ஒன்று சரிந்தது.
சரிந்ததை மறுபடி அடுக்கினோம், திட்டிக்கொண்டே.

பெரிய பள்ளம் அப்படியே இருக்கிறது.
அந்திக்கு ஆட்கள் வருகிறார்கள்.
படத்தில் தகடு விழாமல் இருக்க
எங்கே நிற்க வேண்டும் என்று
தெபெலோ காட்டுகிறான்:
இடப்பக்கம், இன்னும் இரண்டடி,
புல்லை மட்டும் மிதிக்காதீர்கள்.

மார்ச் முடிவில் கல்வரிசைக்குப் பின்னால்
ஒரு சாண் மண் தேங்கியிருந்தது.
மிருதுவான, கறுத்த, நல்ல மண்.
எந்தக் கொல்லையிலிருந்து வந்ததோ.
யாரையும் கேட்காமல் மாபூலெங்
அதில் முள்ளங்கி விதைத்துவிட்டாள்.

நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வரவில் எழுதவா,
அவள் பெயரில் கடனாக எழுதவா?